ஐந்தொகையும் ஏணிப்படியும்: மாணவர் தம் கற்றலைத் தாமே மதிப்பிடுதல் பற்றிய ஒரு திறனாய்வு

தேர்வு முடிந்து விடைத்தாள் கைக்கு வந்தவுடன் மாணவர் முதலில் நோக்குவது தாம் பெற்ற மதிப்பெண்ணை. அடுத்து நோக்குவது அருகில் அமர்ந்திருப்பவர் பெற்றதை. தாம் எழுதியதை மீண்டும் படித்து, எங்கே தவறினோம், ஏன் தவறினோம் என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. இதற்காக மாணவரைக் குறைகூறிப் பயனில்லை. 1988ஆம் ஆண்டில் ரூத் பட்லர் என்னும் ஆய்வாளர் இஸ்ரேல் நாட்டுப் பள்ளி மாணவரிடையே செய்த ஆய்வின் முடிவு நாம் அறிந்திருக்கவேண்டியது. குறிப்புரையை மட்டும் பெற்ற மாணவர் அடுத்த பணியில் முன்னேறினர். மதிப்பெண்ணையும் குறிப்புரையையும் சேர்த்துப் பெற்றவரோ, மதிப்பெண்ணை மட்டும் பெற்றவரைப் போலவே, அம்முன்னேற்றத்தைக் காணவில்லை. எண் வந்து நின்ற இடத்தில் சிந்தனை நின்றுவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இறையியல் மாணவர்க்குப் பாடம் நடத்தியபோது, பருவத்தின் இறுதி வகுப்பில் ஒரே ஒரு வினாவை எழுதிக் கொடுத்தேன்: "இப்பருவத்தில் உங்களுக்கு விளங்காதது எது?" மதிப்பெண் இல்லை, பெயரும் எழுத வேண்டியதில்லை. தாள்கள் திரும்பி வந்தன. பெரும்பாலோர் எனக்கு நன்றி கூறியிருந்தனர். சிலர் வெற்றுத்தாள் தந்தனர். ஒருவர் மட்டும், "எது விளங்கவில்லை என்று சொல்லும் அளவுக்குக்கூட எனக்கு விளங்கவில்லை" என்று எழுதியிருந்தார். அவ்வகுப்பில் எனக்குக் கிடைத்த உண்மையான விடை அதுவே. மற்றவர் பொய் சொன்னார்கள் என்று நான் கருதவில்லை. தம் கற்றலுக்குக் கணக்குக் கொடுக்க அவர்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை, நானும் தரவில்லை.

இக்குறையை ஆராய இக்கட்டுரை செட்டிநாட்டிலிருந்து இரு சான்றுகளை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, அம்மண்ணின் பழைய கணக்குப் பயிற்சி. மற்றொன்று, அக்கிராமங்கள் உட்படத் தமிழகமெங்கும் தொடக்கப்பள்ளிகளில் இந்நூற்றாண்டில் புகுந்த செயல்வழிக் கற்றல். இரண்டிலும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை உண்டு. இரண்டிலும் மறுக்க வேண்டியவையும் உண்டு.

1. பெட்டியடியில் பெற்ற கல்வி

செட்டிநாட்டுக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் வள்ளல் அழகப்பரிடமிருந்து தொடங்குவது வழக்கம். 1909இல் கோட்டையூரில் பிறந்த அவர், 1947இல் காரைக்குடியில் கலைக்கல்லூரியையும் 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியையும் நிறுவினார். அவர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கியதால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் அவ்வூரில் திறக்கப்பட்டது. அவர் மறைந்து 28 ஆண்டுகளுக்குப் பின், 1985இல், அவர் பெயரால் பல்கலைக்கழகம் எழுந்தது. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னரே அங்கே வேறொரு கல்விமுறை வழக்கில் இருந்தது. அதற்குக் கட்டடமும் இல்லை, பட்டமும் இல்லை.

பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் குடும்பங்களின் சிறுவர்கள், திண்ணைப் பள்ளியில் எண்சுவடியும் எழுத்தும் பயின்றபின், கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தனர். கடையைப் பெருக்குவதும் ஏவிய வேலையைச் செய்வதும் தொடக்கப் பணி. அத்துடன் பெரியவர் எழுதும் கணக்கை அருகிலிருந்து பார்ப்பதும், மனக்கணக்காக வட்டி சொல்வதும், பின்னர்ச் சிட்டை எழுதுவதும் அவன் கற்றவை. தேர்ந்தவன் அடுத்தாளாக உயர்வான். மேலும் தேர்ந்தவன் ஒரு கடையின் பொறுப்பையே ஏற்பான். பொறுப்பாளரின் தவணை பொதுவாக மூன்று ஆண்டுகள். தவணை முடிவில் அவர் ஊர் திரும்பி முதலாளியிடம் கணக்கை ஒப்புவிக்க வேண்டும்.

இம்முறையில் நாம் நோக்கத்தக்கவை மூன்று. முதலாவது, அன்றாட வரவு செலவை அன்றன்றே தன் கையால் எழுதுதல். நினைவிலிருந்து பின்னர்ப் புனைந்து எழுதிய கணக்கு கணக்காகாது. இரண்டாவது, குறித்த காலத்தில் நின்று தொகை கட்டுதல். நாள்வழியிலிருந்து பேரேட்டுக்கும், பேரேட்டிலிருந்து ஐந்தொகைக்கும் கணக்கு ஏறும். இரு பக்கமும் நேர்படவில்லையென்றால் தவறு எங்கோ இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது எழுதியவன் கடமை. மூன்றாவது, அக்கணக்கைக் கேட்க ஒருவர் இருத்தல். எழுதியவனே கேட்பவனாகவும் இருந்தால் பிழை மறைந்தே கிடக்கும்.

இக்கால ஆய்வாளரும் இதையொத்த முடிவுக்கே வந்துள்ளனர். ஆஸ்திரேலிய அறிஞர் ராய்ஸ் சாட்லர் 1989இல் எழுதிய கட்டுரையில், கற்பவர் முன்னேற மூன்று வேண்டும் என்றார்: எட்ட வேண்டிய தரம் எது என்று அவர் அறிந்திருக்க வேண்டும், தம் பணியை அத்தரத்தோடு ஒப்பிட வேண்டும், இடைவெளியைக் குறைக்கும் செயலில் இறங்க வேண்டும். பெட்டியடிப் பையனுக்கு இம்மூன்றும் நாள்தோறும் கண்முன் இருந்தன. சரியான கணக்கு எப்படி இருக்கும் என்பதை அவன் இலக்கணமாகக் கேட்டு அறியவில்லை; பெரியவரின் பேரேட்டில் கண்டு அறிந்தான்.

2. ஏணிப்படியில் நின்ற குழந்தை

இனி இரண்டாம் சான்றுக்கு வருவோம். ஆந்திர மாநிலத்து மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி பள்ளத்தாக்குக் கல்வி நிலையம், சிற்றூர்களின் பல்வகுப்புப் பள்ளிகளுக்கென ஒரு முறையை வகுத்திருந்தது. அதைத் தழுவி, சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராயிருந்த விஜயகுமார் இதற்கு உந்துசக்தியாக நின்றார். 2007-08இல் அது மாநிலம் முழுவதிலும் ஏறத்தாழ 37,000 தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது.

இம்முறையில் பாடம் சிறுசிறு படிகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு படிக்கும் அட்டைகள். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சின்னம். இவையனைத்தும் வரிசையாக வரையப்பட்ட ஏணிப்படி வகுப்பறையில் தொங்கியது. குழந்தை தன் வருகையைத் தானே பதிந்தது. ஏணியில் தான் நிற்கும் இடத்தைத் தானே கண்டு, அதற்குரிய அட்டையைத் தானே எடுத்து, அச்சின்னம் காட்டும் குழுவில் போய் அமர்ந்தது. சில குழுக்களில் ஆசிரியர் உதவினார். சிலவற்றில் உடன் பயில்வோர் உதவினர். ஒன்றில் குழந்தை தனியே கற்றது. மற்றொன்றில் மதிப்பீடு நடந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரைக்கு இறங்கிக் குழந்தைகளோடு பாயில் அமர்ந்தார்.

இதன் பெருமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. திண்ணைப் பள்ளியின் பிரம்பும் பின்வந்த பள்ளியின் தேர்ச்சிப் பட்டியலும் குழந்தையைப் பிறர் எடைபோடும் பொருளாக வைத்திருந்தன. "நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்கும் உரிமையை ஏணிப்படி ஆறு வயதுக் குழந்தைக்குக் கொடுத்தது. நோயாலோ பெற்றோரின் வேலை காரணமாகவோ பத்து நாள் வராத பிள்ளை, விட்ட படியிலேயே மீண்டும் தொடங்க முடிந்தது. வகுப்பு தன்னை விட்டுப் போய்விட்டது என்னும் அச்சம் அப்பிள்ளைக்கு நேரவில்லை.

3. ஏணியின் குறை

ஆயினும் அக்காலத்தில் காரைக்குடிக்கு அருகே ஒரு சிற்றூர்த் தொடக்கப்பள்ளியில் நான் கண்டது இன்றும் என்னை விட்டு அகலவில்லை. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம், ஏணியில் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். தயங்காமல் விரலை வைத்துக் காட்டினாள். "இதற்கு முந்திய படியில் உனக்கு எது கடினமாக இருந்தது?" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஆசிரியையைப் பார்த்தாள். பின்னர், "அதை முடிச்சுட்டேன், ஐயா" என்றாள்.

அவள் விடை தவறன்று. ஏணி அவளுக்குக் கற்றுத் தந்த மொழி அதுதான். எத்தனையாவது படி என்பதை ஏணி சொல்லும். எப்படி ஏறினாய், எங்கே வழுக்கினாய், யார் கைகொடுத்தார் என்பதை அது கேட்பதில்லை. ஏறியவர் மறந்துபோனால் இறங்கி நிற்கவும் அதில் இடம் இல்லை. கற்றலோ ஏறியும் இறங்கியும் நடப்பது. நேற்று விளங்கியது இன்று குழம்பும். பிறருக்குச் சொல்லும்போது மீண்டும் தெளியும். 'முடித்துவிட்டேன்' என்னும் ஒரு சொல்லால் இவற்றையெல்லாம் மூடிவிடும் பழக்கம் ஏழு வயதில் தொடங்கினால், பட்ட வகுப்பிலும் அது நம்மோடு வரும்.

இரண்டாவது குறை, கேட்பவரைப் பற்றியது. ஓர் ஆசிரியரோ இருவரோ ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில், ஒவ்வொரு குழந்தையின் கணக்கையும் உட்கார்ந்து கேட்க நேரம் ஏது? மேற்பார்வைக்கு வரும் அலுவலர் சுவரிலுள்ள அடைவு அட்டவணையையே முதலில் பார்ப்பார் என்றால், அவ்வட்டவணை குழந்தைக்காக நிரப்பப்படுமா, அலுவலருக்காக நிரப்பப்படுமா? குழந்தையின் தன்மதிப்பீடு ஆசிரியரின் தகுதிச் சான்றாக மாறும் கணத்தில் அது உண்மை பேசும் ஆற்றலை இழக்கிறது.

நல்ல முறை பெருகும்போது இயந்திரமாகிவிடும் இவ்விபத்து நமக்குப் புதியதன்று. 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் ஆண் அனாதை இல்லப் பள்ளியை மேற்பார்வையிட்ட ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கக் குருவானவர், நம் நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் கைக்கொண்டார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797இல் இலண்டனில் அதை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று பெயர்பெற்ற அது, இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே ஆசிரியரைக் கொண்டு குறைந்த செலவில் நடத்தும் வழியாகப் பரவியது. திண்ணையில் சட்டாம்பிள்ளைக்கும் சிறு பிள்ளைக்கும் இடையே இருந்த முகப்பழக்கம், அங்கே மணியடித்து நடத்தும் அணிவகுப்பாயிற்று.

செயல்வழிக் கற்றலுக்குப் பின் வந்தவற்றையும் சுருக்கமாக நோக்கலாம். 2012-13இல் தமிழகத்தில் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. வளரறி மதிப்பீட்டிற்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 என்று மதிப்பெண் வகுக்கப்பட்டது. வளர்வதை அறிய வந்த மதிப்பீடும் எண்ணாகவே முடிந்தது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படுத்தியது. பெயர்கள் அழகியவை, பின்தங்கிய பிள்ளைக்கு அதன் நிலையிலேயே கற்பிக்கும் நோக்கமும் நல்லதே. ஆனால் நிலையைக் கண்டறிந்து கைப்பேசிச் செயலியில் பதிபவர் ஆசிரியர். ஏணியில் தன் விரலை வைத்த குழந்தையின் கை இங்கே காணப்படவில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, முன்னேற்ற அட்டையில் மாணவரின் தன்மதிப்பீடும் உடன்பயில்வோர் மதிப்பீடும் இடம்பெற வேண்டும் என்கிறது. அட்டையில் ஒரு கட்டம் கூடினால் போதுமா என்பதே நம் வினா.

4. ஐந்தொகையின் குறை

அப்படியானால் பழைய கணக்குப் பயிற்சிக்கே திரும்பலாமா? கூடாது. அங்கேயும் ஒரு பெருங்குறை உண்டு. அது ஏணியின் குறையினும் ஆழமானது.

கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடு நிலம் செட்டியார்களின் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை வீழ்ந்தது. கடன் வாங்கிய உழவரால் திருப்பிச் செலுத்த முடியவில்லை. 1938 அளவில் அப்பங்கு 25 விழுக்காடாயிற்று. கடை நடத்தியோர் நிலத்தை விரும்பிச் சேர்த்தனர் என்று கூறிவிட முடியாது. அவர்களுக்கு வேண்டியது பணம், வந்ததோ மண். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பில் பலர் கால்நடையாகவும் கப்பலிலும் தப்பி வந்தனர். விடுதலை பெற்ற பர்மாவின் நிலச் சட்டங்கள் எஞ்சியதையும் எடுத்துக்கொண்டன. இரு தரப்பாரும் இழந்தனர்.

இவ்வளவு நடந்த ஆண்டுகளிலும் பேரேடுகள் நேர்த்தியாக எழுதப்பட்டன. இரு பக்கமும் ஒத்துவந்தன. கணக்கில் பிழை இல்லை. ஆனால் நிலம் இழந்த உழவன் அக்கணக்கில் ஒரு பற்றுத்தொகையாக மட்டுமே இருந்தான். 'என் கணக்கு நேர்படுகிறதா?' என்று கேட்கத் தெரிந்த கல்வி, 'என் கணக்கு நேர்படுவதால் அடுத்தவனுக்கு என்ன நேர்கிறது?' என்று கேட்கக் கற்றுத் தரவில்லை. இது ஒரு சமூகத்தாரின் குற்றம் அன்று. தன்னை மட்டும் அளக்கும் எல்லாக் கணக்குகளுக்கும் இயல்பான குறை இது. நம் கல்லூரிகளில் முதல் வகுப்பில் தேறி, பின்னர்த் தம் சேகரத்து மக்களின் மொழியை மறந்துபோனவர்களின் கணக்கிலும் இதே குறையைக் காணலாம்.

5. நம் வகுப்பறைக்கு

இறையியல் கல்வியில் தன்மதிப்பீட்டிற்கான முயற்சி இல்லாமல் இல்லை. 1971இல் பெங்களூரில் உருவான விரிவாக்க இறையியல் கல்வி அமைப்பு, பணியில் இருப்போர் வீட்டிலிருந்தே பாடநூலின் வினாக்களுக்கு விடையெழுதித் தாமே சரிபார்த்து, பின்னர்க் குழுவாகக் கூடி உரையாடும் வழியைக் கொணர்ந்தது. தனியே எழுதுதல், கூடிப் பேசுதல் ஆகிய இரண்டையும் அது இணைத்தது. விடுதியில் தங்கிப் பயிலும் நம் மாணவர்க்கோ, கூடியிருக்கும் வாய்ப்பு நாள்தோறும் உண்டு. கணக்குக் கேட்கும் வழக்கம்தான் இல்லை.

திருமறை இதுபற்றிக் கூறுவது நாம் வழக்கமாகப் பிரசங்கிப்பதைவிட நுட்பமானது. கலாத்தியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் பவுல், ஒவ்வொருவரும் பிறரோடு ஒப்பிடாமல் தம் கிரியையைத் தாமே சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். அவ்வறிவுரை நிற்கும் இடத்தை நோக்குங்கள். அதற்குச் சற்று முன்னே ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி சொல்கிறார். உடனே பின்னே அவனவன் தன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறார். பிறர் பாரத்திற்கும் தன் பாரத்திற்கும் நடுவே தன்மதிப்பீடு வைக்கப்பட்டிருக்கிறது. தனியறையில் நடக்கும் குற்ற விசாரணையாக அதை அவர் கருதவில்லை.

லூக்கா 16ஆம் அதிகாரத்து உக்கிராணக்காரனின் உவமையையும் ஓர் ஆசிரியரின் கண்கொண்டு படிக்கலாம். கணக்கை ஒப்புவி, வேலை போயிற்று என்று ஒரே மூச்சில் கேட்டபோது அவன் செய்தது என்ன? கடன்சீட்டுகளைத் திருத்தினான். உவமையின் பொருள் இதனோடு முடியவில்லை என்பதை அறிவேன். ஆயினும் தண்டனையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குக் கேட்டால் திருத்திய சீட்டுகளே வரும் என்பதை அவ்வுவமை அறிந்திருக்கிறது. என் வகுப்பில் வந்த நன்றியுரைகளும் அத்தகைய சீட்டுகளே. பெயர் வேண்டாம் என்று நான் சொன்னது ஒரு நாள். அவர்கள் அஞ்சப் பழகியதோ பதினைந்து ஆண்டுகள்.

ஆகவே ஒரு கருத்தை முன்வைக்கிறேன். ஐந்தொகை என்னும் சொல்லுக்கு முதல், வரவு, செலவு, ஆதாயம், இருப்பு என்னும் ஐந்தின் கணக்கு என்று அகராதி பொருள் கூறும். இவ்வைந்தையும் மாணவர் பருவத்திற்கு ஒருமுறை தம் கையால் ஒரு பக்கத்தில் எழுதட்டும்.

முதல்: இப்பாடத்திற்குள் நுழையும்போது நான் என்ன அறிந்திருந்தேன், எதைத் தவறாக நம்பியிருந்தேன்? வரவு: யாரிடமிருந்து, எந்நூலிலிருந்து, எந்த அனுபவத்திலிருந்து எதைப் பெற்றேன்? செலவு: எதற்கு நேரமும் உழைப்பும் கொடுத்தேன், எதில் வீணாக்கினேன்? ஆதாயம்: முன்பு செய்ய முடியாத எதை இப்போது செய்ய முடிகிறது? இருப்பு: தேர்வு முடிந்து மூன்று மாதம் ஆனபின் என்னிடம் எஞ்சியிருப்பது என்ன? இந்த ஐந்தாம் வினாவை மூன்று மாதம் கழித்தே கேட்க வேண்டும். உடனே கேட்டால் மனப்பாடமே விடையாக வரும்.

பேரேட்டில் இல்லாத ஆறாம் வினா ஒன்றையும் நாம் சேர்க்கவேண்டும்: நான் கற்றதால் யாருக்கு என்ன நேர்ந்தது? ஊரில் என் பிரசங்கத்தைக் கேட்ட மூதாட்டிக்கு அது விளங்கிற்றா? என் படிப்புக்காக வேலைக்குப் போன தங்கையின் கணக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

இதற்கு மதிப்பெண் கூடாது. உடன் பயிலும் ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் கேட்க வேண்டும். கேட்டபின் ஆசிரியர் தம் ஐந்தொகையையும் அதே மாணவர்முன் படிக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை பலருக்குக் கசக்கும் என்பதை அறிவேன். எனக்கும் கசந்தது. ஆனால் தன் பிழையைச் சொல்லும் பெரியவரைக் கண்டிராத மாணவர், தம் பிழையை எவ்வாறு சொல்லக் கற்பார்?

இம்முறைக்கு எதிராக எழும் ஒரு தடையையும் மறைக்கலாகாது. திறமை குறைந்தவரே தம் திறமையை மிகையாக மதிப்பிடுகின்றனர் என்று டன்னிங், குரூகர் என்னும் அமெரிக்க உளவியலார் 1999இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். அவ்வாறாயின் மாணவரின் சொந்தக் கணக்கை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நம்ப வேண்டியதில்லை, கேட்க வேண்டும். அதே ஆய்வு, பயிற்சி பெற்றபின் அவர்கள் தம் நிலையை மேலும் சரியாக உணர்ந்தனர் என்றும் காட்டியது. தன்னை அறிதலும் கற்பிக்கப்படவேண்டிய பாடமே. இயல்பாக வரும் என்று எண்ணி விட்டுவிட்டதே நம் பிழை.

முடிவுரை

எது விளங்கவில்லை என்று சொல்லும் அளவுக்குக்கூட விளங்கவில்லை என்று எழுதிய மாணவர் யார் என்பது எனக்கு இன்றும் தெரியாது. பெயர் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஆகவே அவரைத் தேடிச் சென்று உதவவும் முடியவில்லை. அஞ்சாமல் எழுத வேண்டும் என்று நான் கொடுத்த மறைவே அவருக்கும் எனக்கும் இடையே சுவராயிற்று. பெயர் எழுதியும் அஞ்சாதிருக்கக்கூடிய வகுப்பறை ஒன்று வேண்டும். காரைக்குடிச் சிற்றூரின் சிறுமி ஆசிரியையின் முகத்தைப் பாராமல், "அது எனக்குக் கடினமாக இருந்தது" என்று சொல்லக்கூடிய பள்ளியும், திருச்சபையின் குரு, இருபது ஆண்டு ஊழியத்திற்குப் பின்னும், "இந்த வசனம் எனக்கு இன்னும் விளங்கவில்லை" என்று சபையார்முன் சொல்லக்கூடிய ஆலயமும் வேறுவேறு அல்ல. முதலாவதைக் கட்டாமல் இரண்டாவதை எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை.